வண்டிக்குக் கீழே: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கறளை, அதாவது இரும்பில் பிடிக்கும் துருவைப் பற்றியவை. அதில் ஆச்சரியம் இல்லை. இங்கே கனடாவில் ஏப்ரலில் வின்ரர் ரயரைக் கழற்ற வண்டியை உயர்த்தும்போதுதான் அதன் அடிப்பக்கம் பலரின் கண்ணில் படுகிறது. ஆகவே ஏ.சி., பற்றரிக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். எழுதியவர்களின் பெயர்களையும், அவர்கள் திட்டித் தீர்த்திருக்கும் கம்பனி, டீலர் பெயர்களையும் எடுத்துவிட்டேன். ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டுவிட்டு மற்றவரை அச்சில் ஏற்றுவது சரியில்லை.

கேள்வி: என்னிடம் 2009ஆம் ஆண்டுப் பிக்கப் ஒன்று இருக்கிறது. பாவித்த வண்டியாக 2015இல் வாங்கினேன். பெயின்ற் வேலைக்கு ஏணி, வாளி எல்லாம் ஏற்றிக்கொண்டு போவேன். போன கிழமை ஒயில் மாற்றப் போனபோது மெக்கானிக் தம்பி பின்சில்லுப் பக்கம் பிறேமில் ஸ்குறூ டிரைவரால் குத்திக் காட்டினார். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. டீலரிடம் கொண்டுபோனால், 'பழைய வண்டி, இது வழமையான தேய்மானம்' என்று அனுப்பிவிட்டார்கள். எஞ்சின் இன்னும் தங்கம். கம்பனிக்கு எழுதினால் ஏதாவது செய்வார்களா? அமெரிக்காவில் டொயோட்டா புதுப் பிறேமே போட்டுக் கொடுத்தது என்று மச்சான் சொல்கிறார். என்னுடையது டொயோட்டா இல்லை. - ஏஜாக்ஸ் வாசகர்

பதில்: அண்ணை, முதலில் ஏணியை இறக்குங்கள். கம்பனிக் கதையைப் பிறகு பார்ப்போம்.

காரில் கதவு, தளம், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பு. பிக்கப் அப்படி இல்லை. நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள், குறுக்கே சில கட்டைகள்: இதுதான் பிறேம். அதன்மேல்தான் எஞ்சின், கபின், பெட்டி எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. பின் அச்சைத் தாங்கும் ஸ்பிறிங் தகடுகளும் அந்தச் சட்டத்தில்தான் தொங்குகின்றன. உங்கள் தம்பி குத்திக் காட்டிய இடம் ஸ்பிறிங் கொழுவியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்றால், சுமையோடு ஒரு குழியில் விழும்போது அந்த மூலை பிரியலாம். அப்போது அச்சு ஒரு பக்கம் பின்னுக்குப் போகும். நீங்கள் ஸ்ரியரிங்கை நேரே பிடித்திருந்தாலும் வண்டி நேரே போகாது. 401 நெடுஞ்சாலையில் அது நடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் தங்கமாக இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. அது நன்றாக ஓடுகிறது என்பதாலேயே ஆட்கள் கீழே பார்ப்பதில்லை.

இந்தக் கறள் வெளியில் இருந்து தின்பதைவிட உள்ளிருந்து தின்பதுதான் அதிகம். பெட்டி வடிவச் சட்டத்தில் நீர் வடிவதற்கென்று துளைகள் விட்டிருப்பார்கள். வின்ரரில் பனி கரைய றோட்டில் போடும் உப்புக் கலந்த தண்ணீரும் மண்ணும் அதே துளைகளால் உள்ளே போய்ச் சேறாகப் படியும். பிறகு துளையே அடைபடும். கோடையிலும் அந்தச் சேறு ஈரம் காயாமல் கிடக்கும். வெளியே கறுப்புப் பெயின்ற் கிட்டத்தட்ட முழுதாகவே இருக்க, உள்ளே இரும்பு பேஸ்றி மாதிரி அடுக்கடுக்காக உரியும். இதைக் கண்டுபிடிக்கச் சுத்தியல் போதும். நல்ல சட்டத்தில் தட்டினால் 'ணங்' என்று மணிச் சத்தம் வரும். உளுத்த இடத்தில் சத்தம் செத்துப்போகும். கூடவே உள்ளுக்குள் பொருக்குகள் சரசரவென்று விழுவது கேட்கும். பின்சில்லுக்கு மேலே சட்டம் வளையும் இடம், உதிரிச் சில்லுத் தொங்கும் குறுக்குக் கட்டை, பெற்றோல் தாங்கிக்கு மேற்புறம்: இந்த மூன்றையும் கட்டாயம் தட்டச் சொல்லுங்கள். தட்டும்போது தம்பியைக் கண்ணாடி போடவும் சொல்லுங்கள்.

இனி உங்கள் மச்சான் சொன்னது. உண்மைதான், ஆனால் அவர் நடுவில் நிறைய விட்டுவிட்டார்.

டொயோட்டா தன் டக்கோமா பிக்கப்புகளின் பிறேமை டேனா என்ற அமெரிக்கக் கம்பனியிடம் வாங்கியது. 1995 முதல் 2000 வரையான வண்டிகளில் சில பிறேம்களுக்குக் கறள் தடுப்புச் சரியாகப் பூசப்படவில்லை என்று 2008இல் டொயோட்டா ஒப்புக்கொண்டது. பிறேமுக்கு முதல் விற்பனைத் திகதியில் இருந்து 15 வருட உத்தரவாதம், மைல் கணக்கு இல்லை. ஓட்டை விழுந்து மோசமாக இருந்தால் வண்டியைத் திருப்பி எடுத்தார்கள். அதுவும் சந்தை விலையில் ஒன்றரை மடங்கு கொடுத்து! பத்துப் பன்னிரண்டு வயது வண்டியைக் கொடுத்துவிட்டுக் கை நிறையக் காசோடு போன ஆட்கள் உண்டு. பிறகு 2001 முதல் 2004 வரையான வண்டிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 2009 நவம்பரில் 2000-2003 டண்ட்ரா பிக்கப் ஏறக்குறைய 110,000க்கு, உப்புப் போடும் 20 மாநிலங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும், திரும்ப அழைப்பு (குறையைத் திருத்தக் கம்பனி வண்டிகளைக் கூப்பிடுவது) வந்தது. பின் குறுக்குக் கட்டை உளுத்தால் உதிரிச் சில்லு றோட்டில் கழன்று விழும். அதே கட்டையோடு போகும் பிறேக் குழாயும் சேதப்படும். டேனா கம்பனி 2011இல் டொயோட்டாவுக்கு 25 மில்லியன் டொலர் கொடுத்துத் தன் பங்குக் கணக்கை முடித்தது.

அதோடு முடியவில்லை. அடுத்த தலைமுறை வண்டிகளும் உளுத்தன. உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2016இல் வந்த இணக்கத்தில் 2005-2010 டக்கோமா, 2007-2008 டண்ட்ரா, 2005-2008 செக்கோயா என்று சுமார் ஒன்றரை மில்லியன் வண்டிகள் அடங்கின. புதுப் பிறேம் ஒன்றுக்கு 15,000 டொலர் அளவில் செலவு போட்டார்கள். மொத்த மதிப்பு 3.4 பில்லியன் வரை என்று பத்திரிகைகளில் வந்தது. உங்கள் மச்சான் பார்த்தது இந்தச் செய்தியாக இருக்கும்.

அந்த இணக்கத்தின் நிபந்தனைகளைக் கொஞ்சம் பாருங்கள். ஓட்டை 10 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். முதலில் விற்ற நாளில் இருந்து 12 வருடத்துக்குள் வர வேண்டும். வண்டி அமெரிக்காவில் இருக்க வேண்டும். ஒன்பது மில்லிமீற்றர் என்றால் கறள் தடுப்பு மருந்து அடித்து அனுப்பினார்கள். பதின்மூன்றாம் வருடம் என்றால் அதுவும் இல்லை. மேலோட்டக் கறளை எவ்வளவு படம் எடுத்துக் கொடுத்தாலும் எடுபடாது. கம்பனி உதவி என்பது எங்கேயும் இப்படித்தான் வரும்: ஒரு திகதி, ஒரு அளவு, ஒரு வின் இலக்கம் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்). உங்கள் வண்டியின் வயதைப் பார்த்தால் டொயோட்டாவாகவே இருந்தாலும் அந்தக் கணக்கில் கதவு பூட்டியாகிவிட்டது.

அதற்காக எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதுங்கள், ஆனால் சரியான இடத்துக்கு, சரியான சாமானோடு எழுதுங்கள். டீலரின் முன்மேசையில் நிற்கும் பிள்ளைக்கு எந்த அதிகாரமும் இல்லை. கம்பனியின் கனடாத் தலைமையகத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத வேண்டும். முதலில் டீலரிடம் வின் இலக்கத்தைக் கொடுத்து, முடிக்காத திரும்ப அழைப்பு ஏதாவது இருக்கிறதா, முதலில் விற்ற திகதி என்ன என்று இரண்டையும் அச்சடித்து வாங்குங்கள். முதல் உரிமையாளர் காலத்தில் வந்த அழைப்புக் கடிதம் உங்களிடம் வந்து சேர்ந்திருக்காது, பாவித்த வண்டி வாங்கியவர்களுக்கு அடிக்கடி நடப்பது இது. பிறகு வண்டியை உயர்த்திப் படம் எடுங்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று, வண்டியின் எந்த இடம் என்று தெரிய எட்டி நின்று ஒன்று, கிலோமீற்றர் ஒன்று. லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கிடம் 'பிறேமின் இன்ன இடத்தில் இத்தனை மில்லிமீற்றர் ஓட்டை, ஓட்டப் பாதுகாப்பில்லை' என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். ஒயில் மாற்றிய பில்லுகள் இருந்தால் இணையுங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். வழக்குப் போடுவேன் என்று முதல் வரியிலேயே எழுதினால் கோப்பு நேரே வக்கீல் மேசைக்குப் போய்விடும். அங்கே நல்லெண்ணத்துக்கு இடமில்லை.

அதே படங்களை மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சான ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் குறைபாட்டு விசாரணைப் பிரிவுக்கும் அனுப்புங்கள். இணையத்தில் படிவம் உண்டு, இலவசம். அவர்கள் உங்களுக்குக் காசு வாங்கித் தர மாட்டார்கள். ஒரே மொடலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முறிகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் வீடுகள் பலவற்றின் முன்னால் ஒருகாலம் நின்ற போர்ட் வின்ட்ஸ்டார் மினிவானுக்கு 2010இல் திரும்ப அழைப்பு வந்ததும் இப்படித்தான்: 1998-2003 வண்டிகளில் பின் அச்சு கறளால் வெடித்தது, அரை மில்லியனுக்கு மேல் வண்டிகள். முறைப்பாடுகள் குவிந்து, விசாரணை தொடங்கி, பிறகுதான் கம்பனி அசைந்தது. கனடாவில் முன்பு கம்பனி குறைபாட்டை அறிவித்தால் போதும் என்றுதான் சட்டம் இருந்தது. 2018இல் திருத்திய பிறகு, கம்பனிச் செலவில் திருத்து என்று அமைச்சரே கட்டளையிடலாம்.

உங்கள் விஷயத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், என் கணிப்பு: பிறேம் கிடைக்காது. அதிகம் போனால் அடுத்த வண்டிக்கு ஏதாவது விலைக் கழிவு தருவார்கள். கழிவு தந்தால் விலையையும் வட்டியையும் வேறு இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். இன்சூரன்ஸைக் கேட்டுக் களைக்க வேண்டாம், கறளும் தேய்மானமும் அதில் சேராது. எஞ்சினும் கியர்பெட்டியும் நல்லதென்றால் உதிரிப்பாக யார்டில் அதற்கென்று தனி விலை பேசலாம்.

கேள்வி: அண்ணா, நான் மொன்றியலில் இருக்கிறேன். 2016ஆம் ஆண்டு எஸ்.யூ.வி. ஒன்றைப் புதிதாக வாங்கி இன்றுவரை டீலரிடமே சேர்விஸ் செய்கிறேன். எல்லா பில்லும் இருக்கிறது. இப்போது முன்பக்கச் சப்பிறேம் உளுத்துவிட்டது, மாற்ற 3,800 டொலர் என்கிறார்கள். உத்தரவாதப் புத்தகத்தில் கறளுக்கு ஐந்து வருடம் என்று போட்டிருப்பதால் ஒன்றும் செய்ய முடியாதாம். உண்மையா? - மொன்றியல் வாசகி

பதில்: தங்கச்சி, ஏஜாக்ஸ் அண்ணையைவிட உங்கள் கை பலமானது. இரண்டு காரணம்: பில்லுகள் ஒன்று, நீங்கள் இருக்கும் மாகாணம் மற்றது.

அந்தப் புத்தகத்தை இன்னொரு தரம் வாசியுங்கள். ஐந்து வருடக் கறள் உத்தரவாதம் என்று பெரும்பாலான கம்பனிகள் எழுதுவது உடம்புத் தகட்டில் உள்ளிருந்து வெளியே ஓட்டை விழுந்தால் என்பதற்குத்தான். கதவு, பொனற், பின்மூடி. சப்பிறேம், அதாவது எஞ்சினையும் முன்சில்லுகளையும் பிடித்திருக்கும் சட்டம், அதில் வருவதே அரிது. ஆகவே அந்த ஐந்து வருடம் முடிந்ததா இல்லையா என்று அவர்களோடு சண்டை பிடிப்பதில் பிரயோசனம் இல்லை.

கியூபெக்கில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 37ஆம், 38ஆம் பிரிவுகளின்படி, ஒரு பொருள் அதன் வழமையான வேலையை, அதன் விலைக்கும் பாவனைக்கும் ஏற்ற நியாயமான காலத்துக்குச் செய்ய வேண்டும். புத்தகத்தில் கம்பனி என்ன எழுதினாலும் இந்த உத்தரவாதம் அதற்கு மேலே நிற்கும். டீலரையும் கேட்கலாம், தயாரித்த கம்பனியை நேரடியாகவும் கேட்கலாம். உப்புப் போடும் ஊரில் விற்கும் வண்டிக்கு உப்பு வழமையான பாவனை இல்லையா? சில்லுகளைப் பிடித்திருக்கும் ஒரு பாகம் இந்த வயதில் உளுப்பது நியாயமான ஆயுளா? இந்த இரண்டு கேள்விகளையும் நீங்கள் கேட்கத் தேவையில்லை, நீதவான் கேட்பார்.

முதலில் சுதந்திரமான கராஜ் ஒன்றில் எழுத்தில் அறிக்கை எடுங்கள். வண்டியைத் திருத்தும் முன் கம்பனிக்கும் டீலருக்கும் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, பத்து நாளோ பதினைந்து நாளோ தவணை கொடுங்கள். அதற்கு முன் திருத்தினால், 'எங்களுக்குப் பார்க்கச் சந்தர்ப்பமே தரவில்லை' என்பார்கள். ஓட முடியாத நிலை என்றால் வண்டியை நிறுத்திவையுங்கள். பிறகு திருத்தும்போது கழற்றிய சப்பிறேமை எறிய விடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். பல்கனி அழுக்காகும் என்று அத்தான் முறுமுறுத்தாலும் பரவாயில்லை. கியூபெக் சிறுகோரிக்கை நீதிமன்றம் 15,000 டொலர் வரை எடுக்கும். அங்கே வழமையாக இரு தரப்பிலும் வக்கீல் வர முடியாது. கம்பனி தன் ஊழியர் ஒருவரைத்தான் அனுப்ப வேண்டும். தெளிவான கோரிக்கைக் கடிதம் போனாலே பாதிச் செலவை ஏற்கிறோம் என்று பதில் வருவது உண்டு. குறை தெரிந்த நாளில் இருந்து மூன்று வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: பிறேமில் இருக்கும் ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்து, கறுப்பு ஸ்பிறே அடித்தால் சேப்ரி (வண்டிப் பாதுகாப்புச் சோதனை) பாஸ் ஆகுமா? விற்கத்தான் போகிறேன். - பிறம்ரன் வாசகர்

பதில்: கடைசி வசனத்தை எழுதாமல் விட்டிருந்தால் கொஞ்சம் மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பேன்.

உளுத்த இரும்பில் வெல்டிங் பிடிக்காது. நல்ல உலோகம் வரும்வரை வெட்டி, கம்பனி சொன்ன முறையில் துண்டு சேர்த்தால்தான் அது திருத்தம். நீங்கள் கேட்பது மறைப்பு. ஸ்பிறேக்குக் கீழே தகடு இருப்பது சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும். கையெழுத்து வைக்கும் மெக்கானிக்குக்கு லைசென்ஸ் போகும். நேர்மையான வழி இருக்கிறது: 'உள்ளபடி' என்று எழுதி, பிறேம் உளுத்திருக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதி, நம்பர் பிளேற்றைக் கழற்றிக்கொண்டு விற்கலாம். விலை குறையும். வாங்குகிறவர் அநேகமாகச் சின்னப் பிள்ளைகள் உள்ள, புதிதாக வந்த ஒரு குடும்பமாக இருக்கும். அவர்களிடம் உண்மையைச் சொல்லி விற்க முடியாது என்று தோன்றினால் இரும்புக் கடைக்குக் கொடுங்கள்.

கேள்வி: வண்டியைச் சூடான கராஜுக்குள் நிறுத்தினால் கறள் பிடிக்காதுதானே? றபர் பூச்சு, ஒயில் ஸ்பிறே, பற்றரியில் பூட்டும் மின்னணுப் பெட்டி, எது நல்லது? டீலர் அந்தப் பெட்டிக்கு 900 டொலர் கேட்கிறார். - மிசிசாகா வாசகர்

பதில்: சூடான கராஜ் உங்களுக்கு நல்லது, வண்டிக்குக் கூடாது. மைனஸ் பதினைந்தில் வெளியே நிற்கும் வண்டியில் உப்பு உறைந்துபோய்க் கிடக்கும், இரும்பை அவ்வளவாகத் தொடாது. அதையே உள்ளே கொண்டுவந்து பத்துப் பாகை வெப்பத்தில் வைத்தால் எல்லாம் கரைந்து ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஓடும். வெப்பம் கூடக் கூட கறள் பிடிக்கும் வேகமும் கூடும். ஒவ்வொரு இரவும் இப்படி நடந்தால் நாலைந்து வின்ரரில் வித்தியாசம் தெரியும். உள்ளே விடத்தான் வேண்டுமென்றால் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டு விடுங்கள்.

இப்போது நெடுஞ்சாலைகளில் பனிக்கு முன்னமே உப்புத் தண்ணீரைக் கோடு கோடாக அடித்துவிடுகிறார்கள், கண்டிருப்பீர்கள். கல் உப்புத் தெறித்து விழுந்துவிடும். தண்ணீராக வருவது ஒட்டிக்கொள்ளும். கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் கலந்திருந்தால் காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக் காயாமல் கிடக்கும்.

மின்னணுப் பெட்டிக்கு அந்த 900 டொலரைக் கொடுக்காதீர்கள். கப்பலின் அடியையும் மண்ணுக்குள் போகும் குழாயையும் மின்சாரத்தால் கறளில் இருந்து காப்பாற்றுவது உண்மையான வித்தை. ஆனால் அங்கே இரும்பைச் சுற்றி முழுவதும் கடல்நீரோ ஈரமண்ணோ இருக்கிறது, மின்சுற்று முழுமையாகிறது. காற்றில் நிற்கும் காரைச் சுற்றி என்ன இருக்கிறது? பெட்டியில் சிவப்பு லைற் எரியும். அந்தளவுதான்.

றபர் பூச்சு புது இரும்பில், நன்றாக அடித்தால் நல்லது. ஒரு கல் பட்டுக் கீறல் விழுந்தால் அதற்குள் ஈரம் புகுந்து பூச்சுக்குப் பின்னால் ஒளித்திருந்து தின்னும். பழைய வண்டிக்கு அடித்தால் கறளுக்குப் போர்வை போட்ட மாதிரி ஆகிவிடும். வருடா வருடம் அடிக்கும் ஒயில்தான் என் தெரிவு. மடிப்புகளுக்குள் ஊறும், சட்டத்தின் உள்ளேயும் குழாய் விட்டு அடிக்கலாம். இரண்டு நாளைக்கு ட்றைவ்வேயில் சொட்டும், வீட்டுக்காரி ஏசுவா. அடிக்கும் முன் அடைபட்ட வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்காமல் செய்கிறவர்கள் குறைவு.

கேள்வி: பிறேக் மிதித்தேன், கால் தரை வரை போய்விட்டது. நல்லகாலம், வீட்டு வாசல். பிறேக் குழாய் கறளால் வெடித்ததாம். இதற்குக் கம்பனி பொறுப்பில்லையா? - ஒஷாவா வாசகர்

பதில்: பிறேமைவிட நான் பயப்படுவது இதற்குத்தான். பிறேம் மாதக்கணக்கில் குறி காட்டும். குழாய் ஒரு மிதியில் போகும்.

கம்பனிப் பொறுப்பு என்றால், உங்களுக்குப் பிடிக்காத ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ஜெனரல் மோட்டர்ஸின் 1999-2003 பிக்கப், எஸ்.யூ.வி.கள் சுமார் 5 மில்லியனில் இதே பிரச்சினையை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வருடக்கணக்கில் ஆராய்ந்தது. விபத்துகளும் நடந்திருந்தன. 2015 ஏப்ரலில் கோப்பை மூடிவிட்டார்கள், திரும்ப அழைப்பு இல்லாமல். அந்த வயது வண்டிகளில் குழாய் உளுப்பது எல்லாக் கம்பனிக்கும் பொதுவான தேய்மானம் என்பது அவர்கள் முடிவு. அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், குழாயைச் சோதியுங்கள், ஒன்று உளுத்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று அறிவுரை வெளியிட்டார்கள். எனக்கு அந்த முடிவில் முழுச் சம்மதம் இல்லை. உப்பூரில் விற்கத் தெரிந்தவனுக்கு உப்புக்குத் தாங்கும் குழாய் போடத் தெரியாதா? ஆனால் கடைசி அறிவுரை சரியானது. வெடித்த துண்டை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள். அதே வயது, அதே உப்புக் குடித்த மற்றக் குழாய்களும் வரிசையில் நிற்கின்றன. மாற்றும்போது நிக்கல்-செப்புக் குழாய் கேளுங்கள். சாமான் விலை கொஞ்சம் கூட. வளைக்கச் சுகம், கறளே பிடிக்காது.

கேள்வி: இவ்வளவு உப்பு எதற்கு? மண்ணைப் போட்டால் என்ன? - நியூமார்க்கெற் வாசகி

பதில்: கடும் குளிர் ஊர்களில் மண்ணும் போடுகிறார்கள், மைனஸ் பத்துக்குக் கீழே சாதாரண உப்புக்கு வேகம் போய்விடும். ஆனால் மண் பனியைக் கரைக்காது, சறுக்கலை மட்டும் குறைக்கும். கனடா முழுவதும் வருடத்துக்கு ஏறக்குறைய 5 மில்லியன் தொன் உப்பு றோட்டில் போவதாக அரசாங்கமே ஒரு காலம் கணக்குச் சொன்னது. நிலத்துக்கடியில் இருக்கும் உப்புச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது எங்கள் ஒன்ராரியோவில், கொட்ரிச் என்ற ஊரில், ஹியூரன் ஏரிக்கு அடியில் இருக்கிறது. வீட்டு வாசலிலேயே கிடைக்கும் சாமானை யார் விடப் போகிறார்கள்?

கேள்வி: யூனிவேர்சிற்றிக்குப் போய்வர 6,000 டொலருக்குள் ஒரு பழைய கார் பார்க்கிறேன். கறள் விஷயத்தில் எதைக் கேட்க வேண்டும், மாமா? - ஸ்காபரோவில் இருந்து ஒரு மருமகன்

பதில்: மருமகன், விற்கிறவரிடம் கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். கண்ணால் பாரும். பகலில், மழை இல்லாத நாளில் போம். கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பைக் கையால் அழுத்திப் பாரும், நெரிந்தால் திரும்பி வாரும். அடிப்பக்கம் முழுவதும் புத்தம்புதுக் கறுப்புப் பெயின்ற் மினுங்கினால் அதற்கும் திரும்பி வாரும். பிறம்ரன் அண்ணையின் கடிதத்தை வாசித்தீர்தானே?

சேப்ரி பாஸ் என்ற தாளைக் கண்டு மயங்காதேயும். அது 36 நாளைக்குத்தான் செல்லும். அன்றைக்கு அந்த வண்டி ஆகக் குறைந்த தரத்தில் நின்றது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. விற்கிறவருக்குச் சம்பந்தமில்லாத கராஜ் ஒன்றில் வண்டியை உயர்த்திப் பார்க்க விடுகிறாரா என்று கேளும். நூறு, நூற்றைம்பது டொலர் போகும். விடமாட்டேன் என்றால் பேச்சு முடிந்தது. தனியாளிடம் வாங்கினால் பாவித்த வாகனத் தகவல் கோவையை அவர் தர வேண்டும். முன்பு எத்தனை கை மாறியது என்று அதில் பாரும். வின் இலக்கத்தைக் கம்பனியின் கனடாத் தளத்தில் போட்டுத் திரும்ப அழைப்பு முடிக்காமல் கிடக்கிறதா என்றும் பாரும். கிடந்தால் அது உமக்கு நல்லது, வாங்கின கையோடு டீலரிடம் இலவசமாகச் செய்விக்கலாம்.

சனிக்கிழமை பின்னேரம் கராஜில் வேலை குறைவு. பார்த்து வைத்த காரை நாலு மணிக்குப் பிறகு கொண்டுவாரும், உயர்த்திக் காட்டுகிறேன். சுத்தியலை நீரே பிடித்துத் தட்டிப் பாரும்.